கறுப்புக் கோலி

ஜெபம் என்றால் எல்லாரும் இரண்டு கண்ணையும் மூடுவார்கள். தானியேல் ஒன்றைத்தான் மூடுவார். கும்மிடிப்பூண்டியில் பெரிய ரோட்டிலிருந்து பிரிகிற மண்பாதையில் ஓடு போட்ட சின்னக் கோயில் ஒன்று இருந்தது. அதில் கடைசி வரிசை, வாசலுக்கு நேர் எதிரே, அவருடைய இடம். மூடாத கண் வெளியே கிடக்கிற செருப்புகளின் மேல் இருக்கும். தன் செருப்பு மட்டுமல்ல, சபையார் அத்தனை பேருடையதும். உள்ளே கர்த்தர் காக்கிறார் என்று பாடிக்கொண்டிருக்கும்போது வெளியே ஒருத்தன் காலை நுழைத்துக்கொண்டு போய்விட்டால் யார் பொறுப்பு என்பது அவர் கட்சி. ஆறு வருஷத்தில் ஒரு ஜோடிகூடக் காணாமல் போனதில்லை. அது தன் கண்ணால்தான் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். கர்த்தருக்கும் அதில் கொஞ்சம் பங்கு இருக்கலாம் என்று அவர் மனைவி கிரேஸ் சொல்லிப் பார்த்துவிட்டு, விட்டுவிட்டாள்.

பிறந்தபோதே அவர் அப்படி இல்லை. செவ்வாப்பேட்டைக்காரர். அறுபத்தொன்றாம் வருஷம், பத்தொன்பது வயசில், புது சைக்கிளோடு ஸ்டேஷன் வாசலில் நின்றார். சின்னராசு என்ற சிநேகிதன் வந்து, சைக்கிளைக் கொடு, தபாலாபீசு வரைக்கும் போய் வந்துவிடுகிறேன், இங்கேயே இரு என்றான். தானியேல் இருந்தார். மூன்று ரயில் வந்து போயிற்று. சின்னராசு வரவில்லை. பதின்மூன்று வருஷம் ஆகியும் வரவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு நடந்து போனவர்தான், அதற்கப்புறம் எதையும் யாரையும் நம்பி ஒப்படைத்ததில்லை. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்கள். இந்தப் பூனை ஊரிலுள்ள அடுப்பையெல்லாம் முறைத்துப் பார்த்துக்கொண்டு திரிந்தது.

பெண் பார்க்கப் போனபோதும் அந்தப் புத்தி கூடவே போயிற்று. கிரேஸுக்குப் பார்வை சரியாக இருக்குமோ இருக்காதோ என்று சந்தேகம். ஒரு ஊசியும் நூலும் கொண்டுவரச் சொல்லி, கோத்துக் காட்டு என்றார். பெண் வீட்டார் முகம் சுருங்கிவிட்டது. கிரேஸ் ஒரே தடவையில் கோத்தாள். கோத்த ஊசியைக் கீழே வைக்காமல், அவர் சட்டையில் இரண்டாவது பொத்தான் இல்லை, கழற்றிக் கொடுத்தால் தைத்துத் தருகிறேன் என்றாள். அவளை மட்டும் அவர் முக்கால்வாசி நம்பியது அன்றிலிருந்துதான். மீதிக் கால்வாசியை எதற்கும் இருக்கட்டும் என்று கையில் வைத்துக்கொண்டார்.

இப்படிப்பட்ட ஆளுக்கு வாட்ச்மேன் வேலையைவிடப் பொருத்தமான வேலை உலகத்தில் உண்டா? கும்மிடிப்பூண்டியில் பித்தளைக் குழாய் வார்க்கிற பட்டறை ஒன்றில் அறுபத்தெட்டில் கேட்டுக் காவலுக்குச் சேர்ந்தார். நாற்பது பேர் வேலை செய்கிற இடம். பித்தளை என்றால் கை சும்மா இருக்குமா என்று முதலாளிக்குப் பயம். தினமும் எல்லாரையும் சோதித்துக்கொண்டிருக்க நேரம் கிடையாது. ஆள் பார்த்துச் சோதித்தால் சண்டை வரும். அதற்காக அங்கே ஒரு வழக்கம் இருந்தது. சாயங்காலம் சங்கு ஊதியதும் கேட்டருகே மேஜைமேல் வாய் குறுகிய சின்ன மண்பானை ஒன்றை வைப்பார்கள். உள்ளே இருபத்துநாலு வெள்ளைக் கோலி, ஒரே ஒரு கறுப்புக் கோலி. ஒவ்வொருத்தராகக் கையை விட்டு ஒன்றை எடுத்துக் காட்டிவிட்டு மறுபடி போட வேண்டும். வெள்ளை வந்தால் வீட்டுக்குப் போகலாம். கறுப்பு வந்தால் சோதனை. பெண்களுக்கு ஓலைத் தடுப்புக்குள்ளே பச்சையம்மாள் சோதனை செய்வாள். இதில் யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது. கறுப்பு வந்தவனே சிரித்துக்கொண்டு கையைத் தூக்கி நிற்பான்.

ஒருமுறை பானையை எவனோ இடித்து விளிம்பில் சில்லு பெயர்ந்துவிட்டது. எதற்கும் இருக்கட்டும் என்று தானியேல் அதே அச்சில் இன்னொரு பானை வாங்கி மேஜைக்கடியில் வைத்துக்கொண்டார். அவரிடம் எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டாவது இல்லாத பொருளே கிடையாது. கோலிப் பானையை யாரும் சந்தேகப்பட்டதில்லை. வாட்ச்மேன் வேதக்காரன், பொய் புரட்டு தெரியாது என்று பட்டறை முழுக்கப் பேர். ஊரையே சந்தேகப்பட்ட மனுஷனை ஊர் துளிகூடச் சந்தேகப்படவில்லை.

எழுபத்துநாலாம் வருஷம் பிறந்தது. புது வருஷ ஆராதனை முடிந்ததும் கோயிலில் வசனச் சீட்டு எடுப்பது வழக்கம். தட்டில் சின்னச் சின்ன அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். கைக்கு வருகிற வசனம்தான் அந்த வருஷத்துக்கு ஆண்டவர் கொடுக்கிற வாக்குத்தத்தம். கிரேஸுக்கு மேய்ப்பர் வந்தார். பக்கத்து வரிசைக் கிழவருக்குக் கழுகைப் போலச் சிறகு வந்தது. தானியேல் திருப்பிப் பார்த்தால், அன்பு எல்லாவற்றையும் நம்பும் என்று இருந்தது. அவர் நேரே உபதேசியாரிடம் போனார்.

"எல்லாருக்கும் வாக்குத்தத்தம், எனக்கு மட்டும் வேலையா? இதை மாத்திக் குடுங்க."

வந்தது வந்ததுதான், சீட்டு மனுஷன் கையில், தீர்ப்பு கர்த்தர் கையில் என்று உபதேசியார் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். தானியேலுக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. இந்த ஆள் வேண்டுமென்றே அதை ஓரமாகத் தள்ளிவைத்திருப்பான் என்று தோன்றியது. வீட்டுக்கு வந்து அட்டையின் பின்பக்கத்தில் நகக்கீறல், மடிப்பு, ஏதாவது அடையாளம் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை. காக்கிச் சட்டைப் பையில் போட்டுவைத்தார், எதற்கும் இருக்கட்டும் என்று.

அந்த மாசம்தான் எல்லம்மா வேலைக்கு வந்தாள். பழவேற்காட்டு ஏரியோரம் கோரைமேடு என்கிற மீனவக் குப்பத்தைச் சேர்ந்தவள். முப்பது வயசிருக்கும். வார்ப்பு மணலைச் சலித்து, அதில் சிதறிக் கிடக்கிற பித்தளைத் துணுக்குகளைப் பொறுக்கி எடுக்கிற வேலை. அவள் வந்த அதே வாரத்தில் உலைக்கும் புது ஆள் ஒருத்தன் வந்தான். பிப்ரவரி கடைசியில் மானேஜர் ரங்கசாமி தானியேலைக் கூப்பிட்டு, உலைக்குள் போகிற எடைக்கும் குழாயாக வெளியே வருகிற எடைக்கும் ஒத்துவரவில்லை, கிலோக் கணக்கில் குறைகிறது, கேட்டைத் தாண்டாமல் பித்தளைக்கு என்ன சிறகா முளைக்கும் என்று கேட்டார். மார்ச் கடைசிக்குள் திருடனைப் பிடிக்காவிட்டால் வேறு வாட்ச்மேன் பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொன்னார்.

தானியேல் அன்றைக்கே ஆளைத் தீர்மானித்துவிட்டார். துணுக்கு பொறுக்குகிறவள் கையில்தான் துணுக்கு இருக்கும், இது ஒன்று. அவள் வந்த பிறகுதான் குறைய ஆரம்பித்தது, இது இரண்டு. மூன்றாவதுதான் அவர் தூக்கத்தைக் கெடுத்தது. இந்த ஒன்றரை மாசத்தில் அவளுக்கு ஒருநாளும் கறுப்பு வந்ததில்லை. கோலி எடுக்கும் முன்னால் அவள் செய்கிற காரியமும் அவருக்குப் பிடிக்கவில்லை. மற்றவர்கள் அவசரமாகக் கையை விட்டு எடுத்துப் போட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவார்கள். அவள் மட்டும் பானையை இரண்டு கையாலும் தூக்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்து, அப்புறம்தான் கை விடுவாள். உள்ளே எட்டிப் பார்க்கிறாளா? மந்திரமா? கறுப்புக் கோலியில் எதையாவது தடவி வைத்திருக்கிறாளா? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். தானியேல் ஒருநாள் எல்லாக் கோலியையும் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவிக்கூடப் பார்த்தார். மறுநாளும் அவளுக்கு வெள்ளைதான் வந்தது.

இடுப்பில் வேறு ஒரு முடிச்சு இருந்தது. நடக்கும்போது அடிக்கடி அதைத் தொட்டுப் பார்த்துக்கொள்வாள். அந்த முடிச்சை அவிழ்த்துப் பார்க்காமல் தானியேலுக்குச் சோறு இறங்கவில்லை. வேண்டுமென்று கூப்பிட்டுச் சோதித்தால் பட்டறையே திரண்டு கேட்கும். பானையே ஆளைக் காட்டினால் ஒருவரும் கேட்க மாட்டார்கள். கடையில் இருபத்தைந்து கறுப்புக் கோலி வாங்கினார். மேஜைக்கடியில் இருந்த மாற்றுப் பானையில் போட்டார். வரிசையில் எல்லம்மாவுக்கு முன்னால் நின்றவள் நகர்ந்ததும், கீழே விழுந்த தடியை எடுக்கிறவர்போலக் குனிந்து பானையை மாற்றினார். ஒருத்தரும் கவனிக்கவில்லை. அவர்தான் கவனிக்கிறவர், அவரை யார் கவனிப்பார்கள்?

எல்லம்மா வழக்கம்போல இரண்டு கையாலும் பானையைத் தூக்கினாள். விளிம்பில் விரல் ஒரு நிமிஷம் நின்றது. கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சட்டியில் இருப்பதுதானே அகப்பையில் வரும்? கறுப்பு வந்தது. அவள் தடுப்புக்குள் போனதும் தடி மறுபடி கீழே விழுந்தது, பழைய பானை மேலே வந்தது. இடுப்பு முடிச்சில் இரண்டு வெற்றிலை, கொட்டைப்பாக்கு, திரும்பிப் போகிற பஸ்ஸுக்குச் சில்லறை, இவ்வளவுதான் என்று பச்சையம்மாள் வந்து சொன்னாள்.

நல்ல மனுஷன் அதோடு விட்டிருப்பான். தானியேல், இன்றைக்கு மோப்பம் பிடித்துவிட்டாள் என்று நினைத்தார். மறுநாளும் மாற்றினார். கறுப்பு. முடிச்சில் வெற்றிலை. மூன்றாம் நாளும் மாற்றினார். கறுப்பு. இந்தத் தடவை வரிசையில் கிசுகிசு கிளம்பியது. மூன்று நாள் சேர்ந்தாற்போல் ஒரே ஆளுக்கா? சும்மா வருமா? இரண்டு பெண்கள் அவளை ஒட்டி நிற்காமல் தள்ளி நின்றார்கள். சோதனை முடிந்து வந்த எல்லம்மா நேரே போகாமல் மேஜை முன்னால் வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"வாச்மேன் அண்ணா, பானை மூணு நாளா என்னியே காட்டுது. நான் இன்னா தப்பு பண்ணேன்? உனக்குத் தெரிஞ்சா சொல்லு. எனக்குத் தெர்ல."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது, நாடகம் போடுகிறாள் என்று தானியேல் மனசுக்குள் சொல்லிக்கொண்டார். அவள் நெஞ்சைப் பற்றித்தான் சொன்னார். தன் நெஞ்சும் அதே நேரத்தில் குறுகுறுத்தது அவருக்குத் தெரியாமல் இல்லை. அதை வெயில் என்று வைத்துக்கொண்டார்.

நாலாம் நாள் எல்லம்மா வேலைக்கு வரவில்லை. ஐந்தாம் நாளும் வரவில்லை. பறவை பறந்துவிட்டது, நான் சொன்னேனா இல்லையா என்று தானியேல் மானேஜரிடம் போய் நின்றார். ரங்கசாமி அவர் தோளில் தட்டிக் கொடுத்தார். அன்றைக்கு நாஷ்டாவுக்கு இரண்டு தோசை அதிகமாகவே இறங்கியது.

அடுத்த வாரம் எடை பார்த்தார்கள். முன்னைவிட அதிகமாகக் குறைந்தது. மெட்ராஸிலிருந்து ஒரு எஞ்சினீயரை வரவழைத்தார்கள். அந்த மனுஷன் கேட்டுக்குள் நுழையும்போதே அண்ணாந்து புகைபோக்கியைப் பார்த்து, இது என்ன இப்படி வெள்ளையாகப் புகைகிறது என்று கேட்டான். உலைக்கு வந்த புது ஆள் சூட்டை அளவுக்கு மேலே ஏற்றிக்கொண்டிருந்தான். பித்தளையில் இருக்கிற துத்தநாகம் எரிந்து வெள்ளைப் புகையாகப் போய்க்கொண்டிருந்தது. திருடனும் இல்லை, திருட்டும் இல்லை. ரங்கசாமி கேட்ட சிறகு நிஜமாகவே முளைத்திருந்தது. இரண்டு மாசமாக கேட்டில் நின்றுகொண்டு செருப்பையும் இடுப்பையும் சாப்பாட்டுத் தூக்கையும் பார்த்த தானியேல், தலைக்கு மேலே போன அந்தப் புகையையும் தினம் பார்த்திருந்தார். அதை மட்டும் அவர் சந்தேகப்படவில்லை.

சரி, நடந்தது நடந்துபோயிற்று, அவளை மறுபடி வரச் சொல்லி ஆள் அனுப்பலாம் என்று நினைத்தார். அப்போதுதான் பச்சையம்மாள் ஒரு சமாசாரம் கொண்டுவந்தாள். எல்லம்மாவின் ஊர்க்காரி ஒருத்தியை அவள் பஸ்ஸில் பார்த்திருக்கிறாள். கோரைமேட்டில் ஏரியில் வலை கட்டுகிற இடத்துக்குப் பாடு என்று பேர். எந்தப் பாடு எந்த வீட்டுக்கு என்று வருஷத்துக்கு ஒருதரம் கங்கையம்மன் கோயில் முன்னால் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். பணக்காரன், ஏழை, ஊர்த் தலைவரான நாட்டாரின் தம்பி, யாராக இருந்தாலும் சீட்டுச் சொன்னதுதான். அதில் வந்ததை அம்மன் வாக்கு என்று எடுத்துக்கொள்வார்கள். அதனால்தான் அவள் இங்கே கோலிப் பானையையும் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஊருக்குப் போனவள், சீட்டு தன்னை மூன்று தரம் காட்டிவிட்டது என்று தானாகவே நாட்டாரிடம் சொல்லியிருக்கிறாள். மறைத்து வைத்துக் குடும்பத்துக்குக் கெடுதல் வரக் கூடாதே என்று. சீட்டு மூன்று தரம் காட்டிய வீட்டில் ஏதோ குற்றம் இருக்கிறது, அது என்ன என்று வாய்விட்டுச் சொல்கிற வரைக்கும் அந்த வீட்டுச் சீட்டைப் பானையில் போட முடியாது என்று ஊர் முடிவு செய்துவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை குலுக்கல். அதில் சீட்டு போடாவிட்டால் அவள் புருஷன் மணவாளன் வருஷம் முழுக்க ஏரியில் வலை வைக்க முடியாது.

"இன்னா குத்தம்னு அவளுக்கே தெர்லயாம். புருசனாண்ட ஒண்ணு, சாமியாண்ட ஒண்ணுன்னு சின்ன வயசுல பண்ணதெல்லாம் தேடிக்கினு கீறாளாம்" என்றாள் பச்சையம்மாள்.

செய்யாத குற்றத்தை ஒருத்தி தன்னிடமே தேடிக்கொண்டிருக்கிறாள். தானியேல் வீட்டுக்குப் போனதும் கிரேஸிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவள் திட்டவில்லை. அதுவே அவருக்குச் சந்தேகமாக இருந்தது. அவள் வேதத்தைத் திறந்து ஒரு இடத்தை வாசித்தாள். பலிபீடத்தண்டை காணிக்கையோடு நிற்கும்போது உன்மேல் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் அவனோடு ஒப்புரவாகு என்கிற இடம்.

தானியேலுக்கு வேதத்திலும் ஓட்டை கண்டுபிடிக்கத் தெரியும். அதில் சொன்ன சகோதரன் சபையைச் சேர்ந்தவன், இவள் அம்மனைக் கும்பிடுகிறவள், அது பொருந்துமா என்றார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அப்பமும் ரசமும் கொடுக்கிற திருவிருந்து வேறு இருக்கிறது, அதை எப்படி விடுவது என்றும் கேட்டார்.

"சகோதரன்னுதாங்க போட்டுருக்கு. சர்டிபிகேட்டு கேட்டு வாங்குன்னு போடல" என்றாள் கிரேஸ். புத்தகத்தை மூடிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

ஞாயிறு காலையில் கோயில் மணி அடிக்கும்போது தானியேல் சுண்ணாம்புக்குளம் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு துணிப்பை, அதில் மாற்றுப் பானை. இறங்கி ஏரிக்கரையோடு நடந்தார். வழி முழுக்க மனசு சும்மா இல்லை. அடித்தால் யார் கேட்பது? சீட்டில் கை வைத்தவனைச் சேற்றில் அழுத்திவிட்டால்? கிரேஸ் எந்தத் தைரியத்தில் தனியாக அனுப்பினாள்? பச்சையம்மாள் சொன்னதே பொய்யாக இருந்தால்? இரண்டு தரம் திரும்பி நடந்தார். சட்டைப் பையில் கை பட்டது. அட்டை இருந்தது. அதை எடுத்துப் படிக்கவில்லை. படித்தால் கோபம் வரும் என்று தெரியும். மறுபடி ஏரிப்பக்கம் திரும்பினார்.

கங்கையம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியிருந்தது. நடுவே புதுப்பானை, பக்கத்தில் வீட்டுக்கொன்றாய் அடையாளம் கீறிய ஓலை நறுக்குகள். நாட்டார் அப்பாவு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். நரைத்த மீசை, பெரிய உடம்பு. கூட்டத்துக்கு வெளியே, வெயிலில், ஓர் ஆள் குத்துக்காலிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கேட்காமலே அது மணவாளன் என்று தெரிந்தது. பெண்கள் பக்கம் கடைசியில் எல்லம்மா நின்றாள். கொஞ்ச நாளிலேயே பாதியாகிப் போயிருந்தாள்.

தானியேல் நாட்டார் முன்னால் போய்ப் பானையை வைத்தார். தான் யார் என்று சொன்னார். பானையைக் கவிழ்த்தார். இருபத்தைந்து கறுப்புக் கோலி மணலில் உருண்டது.

"இதுல வெள்ளையே இல்லீங்க. அந்தம்மா கை விட்ட மூணு நாளும் நான் இந்தப் பானையத்தான் வச்சேன். அவங்களுக்குத் தெரியாது. திருடின்னு நினைச்சேன். திருட்டே நடக்கல. குத்தம் எம்மேலதாங்க."

நாலைந்து பேர் எழுந்தார்கள். ஒருத்தன் வேட்டியை மடித்துக் கட்டினான். ஆனால் அடி விழவில்லை. அதைவிட மோசமானது ஒன்று நடந்தது. பின்னாலிருந்து ஒருவன், இந்த ஆளை மணவாளன்தான் ஏற்பாடு பண்ணிக் கூட்டிவந்திருப்பான் என்றான். தன்னைத் தானே குற்றவாளி என்று சொல்லிக்கொள்ள எவனாவது பஸ் ஏறி வருவானா? கோலி எந்தக் கடையில் வேண்டுமானாலும் கிடைக்கும், பானையும் கிடைக்கும். ஆமாம், ஆமாம் என்று கூட்டம் தலையாட்டியது. நாட்டார் அப்பாவு கண்ணைச் சுருக்கித் தானியேலைப் பார்த்தார். அந்தப் பார்வை தானியேலுக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. ஆறு வருஷமாக கேட்டில் நின்று அவர் மற்றவர்களைப் பார்த்த பார்வை. வாழ்க்கையிலேயே பெரிய உண்மையைச் சொல்லிவிட்டு, அதை நம்ப ஒரு நாதி இல்லாமல் அவர் வெயிலில் நின்றார். சத்தியமாகச் சொல்கிறேன் என்று தொண்டை வரைக்கும் வந்தது. தன்னிடம் அப்படிச் சொன்னவர்களுக்குத் தான் என்ன பதில் சொல்லியிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டார்.

எல்லம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். குனிந்து அந்தப் பானையை இரண்டு கையாலும் எடுத்தாள். விளிம்பைச் சுற்றிக் கட்டைவிரலால் தடவினாள்.

"இந்தப் பானைதான் நைனா" என்றாள் நாட்டாரிடம். "தெனம் எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிற பானைக்கு வாயோரம் சில்லு போயிருக்கும். கையில குத்தும். அந்த மூணு நாளும் குத்தல. வழவழன்னு இருந்திச்சி."

நாட்டாருக்குக் கோபம் வந்தது. அது தெரிந்திருந்தும் ஏன் அப்பவே சொல்லவில்லை, ஏன் வேறு பானை என்று கேட்கவில்லை என்று அதட்டினார்.

"சீட்டு வைக்கிறவரைப் போயி சந்தேகப்படுவாங்களா?" என்றாள் எல்லம்மா. "எம்மேலதான் எனக்கு சந்தேகம் வந்திச்சி."

நாட்டார் மணவாளனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். ஓரமாகக் கிடந்த ஓலை நறுக்கு ஒன்றை எடுத்து, எல்லாரும் பார்க்கத் தூக்கிக் காட்டி, புதுப்பானைக்குள் போட்டார். பிறகு தானியேலிடம் திரும்பி, எங்கள் ஊர்க்காரனாக இருந்தால் ஏரித் தண்ணியில் கால் நனைக்க விட்டிருக்க மாட்டோம், வெளியூர்க்காரன், நீயாக வந்து சொன்னாய், போய்விடு என்றார். குடிக்கத் தண்ணீர் யாரும் கொடுக்கவில்லை. தானியேல் எதிர்பார்க்கவும் இல்லை.

மறுநாள் சாயங்காலம் சங்கு ஊதியதும், பட்டறை வரிசை முன்னால் அதே விஷயத்தைச் சொன்னார். முதலாளியும் ரங்கசாமியும் ஒரு நாள் முழுக்கப் பேசினார்கள். வேலையை எடுக்கவில்லை. அவருடைய சம்பளத்துக்கு வேறு ஆள் கிடைக்கவில்லையோ என்னவோ. ஆனால் பேர் போயிற்று. வேதக்காரன் என்று சொன்ன வாய்கள் இப்போது வேறு மாதிரி சொல்லின. தினமும் முதல் ஆள் கோலி எடுக்கும் முன்னால் பானையைக் கவிழ்த்து எண்ணிக் காட்டச் சொன்னார்கள். மேஜைக்கடியில் ஒருத்தன் குனிந்து பார்ப்பான். தானியேல் காட்டினார். சில நாள் நடுவரிசையிலும் காட்டச் சொல்வார்கள். அதற்கும் காட்டினார். அதன்பின் அவர் திருந்தி வேறு மனுஷன் ஆகிவிட்டார் என்று சொன்னால் அது பொய். ஞாயிற்றுக்கிழமை செருப்புகளின் மேல் ஒரு கண் இருக்கத்தான் செய்தது. ராத்திரி பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் படுத்தார்.

பத்து நாள் கழித்து எல்லம்மா வேலைக்கு வந்தாள். அவர்கள் வீட்டுக்கு நல்ல பாடே விழுந்ததாகப் பச்சையம்மாள் சொன்னாள். சாயங்காலம் வரிசையில் அவளுக்கு முன்னால் நின்றவன், பானையைக் காட்டு என்றான். தானியேல் கவிழ்த்துக் காட்டினார். அவன் ஒவ்வொன்றாக எண்ணினான். எடுத்தான், வெள்ளை, போய்விட்டான். எல்லம்மா வந்தாள். மேஜைக்கடியைப் பார்க்கவில்லை. கவிழ்க்கச் சொல்லவில்லை. பானையை இரண்டு கையாலும் தூக்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கை விட்டு எடுத்து, உள்ளங்கையை விரித்தாள்.

கறுப்பு.

வரிசை அப்படியே நின்றுவிட்டது. பின்னாலிருந்து யாரோ ஒருத்தன் தானியேலைக் கெட்ட வார்த்தையில் திட்டினான். எல்லம்மா கோலியைப் பார்த்தாள். அப்புறம் தானியேல் முகத்தைப் பார்த்தாள்.

"அண்ணா, இது நெசமா வந்ததுதானே?"

"நெசமா வந்ததும்மா."

"அப்ப சரி" என்றாள்.

கோலியைப் பானைக்குள் போட்டுவிட்டு, இடுப்பு முடிச்சை அவிழ்த்துக்கொண்டே தடுப்புக்குள் போனாள். அடுத்து நின்றவன் பானையைத் தன் பக்கம் இழுத்து, தானே மேஜைமேல் கவிழ்த்தான். இருபத்துநாலு வெள்ளை, ஒரு கறுப்பு. அவன் இரண்டாம் தரமும் எண்ணினான். எண்ணி முடிக்கிற வரைக்கும் தானியேல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, காக்கித் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.